ஸ்தோத்திரம் வாய்ப்பழக்கமாகிவிட்டால்: ஜெபத்தில் நன்றி சொல்லப் பழகுவது பற்றி

சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுவயது முதல் சபையிலேயே வளர்ந்தவர் அவர். ஜெபிக்க முழங்காற்படியிட்டதும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நெஞ்சில் மட்டும் ஒன்றும் அசைவதில்லை என்கிறார். ஐந்து மாதங்களாகக் கணவருக்கு வேலை இல்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். இந்த நிலையில் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற தெசலோனிக்கேயர் நிருப வசனத்தை யாராவது நினைவூட்டினால் எரிச்சல்தான் வருகிறதாம். உணர்வே இல்லாமல் நன்றி சொல்வது தேவனுக்கு முன்பாகப் பொய் சொல்வதாகாதா, நன்றி சொல்வதை ஒரு பழக்கமாகக் கற்றுக்கொள்ள முடியுமா, குடும்ப ஜெபத்தில் நன்றி சொல்ல மறுக்கும் கணவரை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். நான் இறையியல் கல்லூரியில் பயின்றவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓய்வுநாள் பள்ளியிலும் ஜெபக்குழுக்களிலும் வேதம் சொல்லிக்கொடுத்து வருபவன். அந்த அனுபவத்தையும் படித்தவற்றையும் வைத்து விடை எழுதுகிறேன்.

பொய்யாகுமா என்ற அச்சத்திலிருந்து தொடங்குவதே சரி. நன்றி என்றால் மனத்தில் பொங்கும் ஓர் உணர்ச்சி என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதால்தான் அந்த அச்சம் வருகிறது. பழந்தமிழில் 'நன்றி' என்ற சொல்லுக்கு நன்மை என்பதே முதற்பொருள். "நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்" என்று வள்ளுவர் சொல்லும்போது நன்மைக்கு வித்து என்றே சொல்கிறார். ஒருவர் நமக்குச் செய்த நன்மை செய்ந்நன்றி. அதை நாம் அறிந்து மறவாதிருப்பது செய்ந்நன்றி அறிதல். குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பே அதுதான். அந்தப் பார்வையில் நன்றி என்பது செய்தவருடைய கையிலிருந்து வந்தது. பெற்றவரிடம் இருக்க வேண்டியவை அதைப் பற்றிய அறிவும் நினைவும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவிடம் சொல்வதும் இதையேதான். அங்கே அவர் தன் ஆத்துமாவைப் பார்த்து உருகு என்றோ பரவசப்படு என்றோ சொல்லவில்லை; மறவாதே என்கிறார். பிறகு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார்: அக்கிரமங்களை மன்னித்தது, நோய்களைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டது.

எபிரெய மொழியில் நன்றிக்கு உள்ள சொல் 'தோடா'. இதே சொல் யோசுவா 7ஆம் அதிகாரத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் வருகிறது. எரிகோவின் கொள்ளைப்பொருளைத் திருடி ஒளித்துவைத்த ஆகானிடம், கர்த்தருக்கு 'தோடா' கொடு என்று யோசுவா சொல்கிறார். பிடிபட்ட திருடனிடம் நன்றி சொல் என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? ஆகவே நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே "அறிக்கைபண்ணி" என்று சரியாகவே பெயர்த்திருக்கிறார்கள். ஒரே சொல் ஓரிடத்தில் நன்றியாகவும் மற்றோரிடத்தில் பாவ அறிக்கையாகவும் நிற்க முடிகிறதென்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, நடந்ததை நடந்தபடியே தேவனுக்கு முன்பாக ஒப்புக்கொள்வதுதான். நேற்றிரவு மாமியார் வலியில்லாமல் நான்கு மணிநேரம் தூங்கினார் என்பது உண்மையானால், அதைத் தேவனிடத்தில் சொல்லி, "இது உம்மால் வந்தது" என்று ஒப்புக்கொள்வது பொய்யாகாது. அந்த நேரத்தில் உங்கள் மனம் கல்லாகவே இருந்தாலும் பொய்யாகாது. "நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன் ஆண்டவரே" என்று சொன்னால்தான் பொய்.

உணர்வு வேண்டியதே இல்லையா என்று கேட்பீர்கள். வேண்டியதுதான்; ஆனால் அது ஜெபிக்க வருவதற்கு முன்பே நாம் தயாரித்துக் கொண்டுவர வேண்டிய பண்டம் அன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் 1662இல் திருத்தப்பட்டபோது, நாரிச் நகரின் பேராயர் எட்வர்டு ரெய்னால்ட்ஸ் இயற்றிய பொதுவான நன்றி ஜெபம் ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. படைக்கப்பட்டதற்காகவும் பாதுகாக்கப்பட்டதற்காகவும் இவ்வாழ்வின் நன்மைகளுக்காகவும், எல்லாவற்றிற்கும் மேலாக உலகம் கிறிஸ்துவினால் மீட்கப்பட்டதற்காகவும் அது நன்றி கூறுகிறது. பாதி ஜெபம் முடிந்ததும் அது திடீரென்று விண்ணப்பமாக மாறுகிறது: உம்முடைய இரக்கங்களைக் குறித்த சரியான உணர்வை எங்களுக்குத் தாரும், அப்போது எங்கள் இருதயம் மாய்மாலமில்லாமல் நன்றியுள்ளதாகும் என்று கேட்கிறது. சிறுவயதில் இந்த ஜெபத்தை ஒப்புவித்தபோது அந்த வரியை நான் கவனித்ததில்லை. நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நன்றியுணர்வைத் தாரும் என்று கேட்கத் துணிந்திருக்கிறார் அந்தப் பேராயர். உணர்வில்லாதவன் ஜெபிக்கலாகாது என்று அவர் நினைத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

இனி 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லுக்கு வருவோம், ஏனெனில் உங்கள் சிக்கலில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வடமொழியில் அது புகழ்ந்து பாடுவதைக் குறிக்கும். நம் பழைய வேத மொழிபெயர்ப்பில் போற்றுதல், துதித்தல், நன்றி கூறுதல் ஆகிய வெவ்வேறு மூலச்சொற்கள் பலவற்றுக்கும் இந்த ஒரே சொல் வந்து அமர்ந்துவிட்டது. இதுதவிர ஒருவரையொருவர் வாழ்த்தவும், பிரசங்கத்தின் நடுவே ஆமோதிக்கவும், தொலைபேசியை எடுத்ததும் முதல் வார்த்தையாகவும் அதையே சொல்கிறோம். இத்தனை வேலை செய்யும் ஒரு சொல் தேய்ந்துபோவதில் வியப்பில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே தெசலோனிக்கேயர் வசனத்தை "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று தருகிறது. சில வாரங்களுக்கு ஸ்தோத்திரம் என்ற சொல்லைத் தனி ஜெபத்தில் தொடாமல், "இதற்காக நன்றி, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். 'இதற்காக' என்று தொடங்கிவிட்டால், எதற்காக என்று சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. பலன் அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்களில் 'ஆயிரம் ஸ்தோத்திர பலிகள்' என்று கைப்புத்தகங்கள் கிடைக்கின்றன. உபவாச ஜெபங்களில் வரிசையாக வாசிப்பார்கள். அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். தேவன் யார் என்று வேதம் சொல்லும் பெயர்களையும் செயல்களையும் அவை நினைவில் நிறுத்துகின்றன. அது துதி, அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஆனால் ஆயிரத்தையும் முடித்து எழுந்திருக்கும் ஒருவர், தன் சொந்த வாழ்வில் நேற்று நடந்த ஒன்றைக்கூடச் சொல்லாமலே எழுந்திருக்கக்கூடும். 136ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். அதற்கு 26 வசனங்கள். இருபத்தாறிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற அடி திரும்பத் திரும்ப வருகிறது. திரும்பச் சொல்வதில் நம்மை மிஞ்சியவர்கள் அதைப் பாடியவர்கள். ஆயினும் பெரும்பாலும் அந்த அடிக்கு முன்னால் பெயர் சொல்லத்தக்க ஒரு செயல் நிற்கிறது: வானம், பூமி, சூரியன், சந்திரன், எகிப்து, செங்கடல், வனாந்தரம், எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக். உலகம் உண்டானதில் தொடங்கிய பாட்டு, கடைசிக்கு முந்திய வசனத்தில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார் என்று சோற்றுக்கு வந்து சேர்கிறது. வாய்ப்பழக்கம் ஒரு குற்றம் அன்று. அதன் முன்னால் செயலின் பெயர் இல்லாமற்போவதுதான் குறை.

பழகுவது எப்படி என்ற கேள்விக்கு, இரவில் தொடங்குங்கள் என்பேன். காலையில் வரப்போகும் நாளைப் பற்றிய கவலை முந்திக்கொள்கிறது. இரவில் நடந்து முடிந்த ஒரு நாள் முழுதாகக் கையில் இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் ஒவ்வொரு நாளையும் சோதித்துப் பார்க்க ஐந்து படிகள் வகுத்தார். பாவங்களைத் தேடுவது மூன்றாவது படி. பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது முதற்படி. கத்தோலிக்கர் அல்லாத நாமும் இந்த வரிசையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நன்மையை முதலில் எண்ணியவன்தான் தன் குற்றத்தை அச்சமில்லாமல் பார்க்க முடியும். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்து, காலையில் எழுந்தது முதல் நடந்ததை ஒவ்வொரு மணிநேரமாக மனத்தில் ஓடவிடுங்கள். எங்கே யார் வந்தார், எது எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது, எது கைதவறிப் போகாமல் இருந்தது என்று பாருங்கள். மூன்று போதும். பெரிய காரியங்களைத் தேடாதீர்கள். சொல்வதற்கே சற்று வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சிறியதாக ஒன்றாவது இருக்கட்டும்.

சிறியவற்றைக் காண்பதில் பிள்ளைகளே தேர்ந்தவர்கள். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு நன்றி சொல்லும் வழக்கம் உண்டு. பெரியவர்கள் எல்லாரும் "சுகம், பெலன், ஜீவன் தந்தீரே" என்று ஆண்டாண்டு காலமாகச் சொல்வதையே சொல்லி முடித்தோம். ஆறு வயதுப் பேத்தி கண்ணை மூடியபடியே, "இன்னிக்கு ஷூ லேஸ் கட்ட நேரமாயிடுச்சு, ஆட்டோ மாமா ஹாரன் அடிக்காம நின்னாங்க, அதுக்கு நன்றி" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னோம். பிறகு எனக்கு உறைத்தது: நான் சொன்ன நன்றியை எந்த நாளிலும், எந்த ஊரிலும், எவர் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்; அவள் சொன்னதை அவள் மட்டும், அன்றைக்கு மட்டுமே சொல்லியிருக்க முடியும்.

அவள் ஜெபத்தில் இன்னொரு மனிதர் இருந்தார் என்பதையும் கவனியுங்கள். பவுலின் நிருபங்களில் பெரும்பாலானவை நன்றியோடுதான் தொடங்குகின்றன. கலாத்தியருக்கு எழுதியதில் அது இல்லாதது அவர் எவ்வளவு மனம் நொந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. அந்த நன்றிகள் பொருளுக்காகவோ சுகத்துக்காகவோ அல்ல, ஆட்களுக்காக. "உங்களை நினைக்கிறபொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று பிலிப்பியருக்கு அவர் எழுதியது காவலில் இருந்துகொண்டு. உங்கள் வீட்டு நிலையில் இது மிகவும் உதவும். பொருளாதாரத்தில் நன்றி சொல்ல ஒன்றும் அகப்படாத நாளில்கூட, மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைத் தேவனிடத்தில் சொல்லலாம். சொன்ன பிறகு மறுநாள் அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

விண்ணப்பத்துக்கும் நன்றிக்கும் உள்ள தொடர்பு தனியே பேச வேண்டியது. "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்கிறது பிலிப்பியர் 4:6. கேட்பதை நிறுத்திவிட்டு நன்றி மட்டும் சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கணவருக்கு வேலை வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்டதை எழுதிவையுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் விண்ணப்பங்களைத் தேதியோடு எழுதி வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் அதைப் புரட்டியபோது பக்கத்துக்குப் பக்கம் தலைகுனிவாக இருந்தது. வாடகை வீட்டு முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மூன்று வாரம் மன்றாடியிருக்கிறேன், கிடைத்திருக்கிறது. தம்பியோடு இருந்த பேச்சுவார்த்தையற்ற நிலை மாற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இப்போது வாரந்தோறும் பேசுகிறோம். இரண்டுக்குமே நான் நன்றி சொன்ன நினைவில்லை. கிடைத்த அன்றே அது என் உரிமைபோல ஆகிவிட்டது.

லூக்கா 17இல் வரும் பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிப் பேசும்போது ஒன்பது பேரையும் கெட்டவர்களாகவே காட்டிவிடுகிறோம். அவர்கள் இயேசு சொன்னதைத்தான் செய்தார்கள்: போய் ஆசாரியருக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார், போனார்கள். சுத்தமானவன் ஆசாரியரிடம் சான்று பெற்றால்தான் வீட்டுக்குள் நுழைய முடியும், மனைவி மக்களைத் தொட முடியும். அவசரம் நியாயமானது. திரும்பி வந்த சமாரியன் செய்த ஒன்றே ஒன்று, அந்த அவசரத்தின் நடுவில் நின்று, எதனால் இது நடந்தது என்று திரும்பிப் பார்த்தது. நோட்டின் வலப்பக்கம் நமக்கு அப்படித் திரும்பிப் பார்க்கும் இடம்.

உணவு வேளை ஜெபத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பர்க் என்றொரு சிறிய மதில்சூழ் நகரம் உண்டு. 1618இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் நீண்ட போரில், அகதிகள் அந்த மதிலுக்குள் வந்து குவிந்தார்கள். அங்கே குருவாக இருந்த மார்ட்டின் ரின்கார்ட் தம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கென்று ஒரு சிறு நன்றிப் பாடல் இயற்றினார். பிற்காலத்தில் உலகமெங்கும் பெரிய விழாக்களில் முழங்கும் ஞானப்பாட்டாக அது வளர்ந்தது. 1637இல் கொள்ளைநோய் வந்தபோது அவர் தனியாக நின்று அடக்கம் செய்தவர்கள் 4,000-க்கும் அதிகம். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். துயரத்தின் உச்சியில் இந்தப் பாடல் பிறந்தது என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதுண்டு. அது பிள்ளைகளின் மேசை ஜெபமாகப் பிறந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நாள்தோறும் ரொட்டித் துண்டைப் பார்த்துச் சொல்லிப் பழகிய வாய், கல்லறையிலிருந்து வீடு திரும்பிய பிறகும் சொல்வதற்கு ஏதோ ஒன்றை வைத்திருக்கும்.

இப்போது உங்களை எரிச்சலூட்டும் அந்த வசனம். "எல்லாவற்றிலேயும்" என்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:18. மூலமொழியிலும் அது எல்லாவற்றின் உள்ளே, எல்லா நிலையிலும் என்றே பொருள்படும். வேலை போனதற்காக நன்றி சொல் என்று அந்த வசனம் கேட்கவில்லை. வேலையில்லாத இந்த மாதத்தின் உள்ளே நின்று நன்றி சொல்ல எது இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஆனால் அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம், அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவற்றைக் கடிந்துகொள்ளுங்கள் என்கிறது. ஒரு தீமையைக் கடிந்துகொண்டே அதற்காக நன்றியும் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே அங்கே பவுல் குறிப்பிடுவது தேவனிடமிருந்து வந்த நன்மைகள் எல்லாவற்றையும்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். நோயையும் வஞ்சனையையும் மரணத்தையும் பார்த்து "இதற்காக நன்றி" என்று சொல்லும்படி துயரத்தில் இருப்பவர்களை நெருக்குவது, வேதத்தைவிட ஒரு படி அதிகமாகக் கேட்பதாகும்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பதினான்காம் நாளாகப் புயல். கப்பலில் 276 பேர். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விடியும் வேளையில் கைதியாகிய பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகத் தேவனை ஸ்தோத்திரித்து, அதைப் பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். மற்றவர்களும் திடன்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதன் பிறகு கப்பல் தப்பியதா? இல்லை; தரைதட்டி, பின்புறம் அலைகளால் உடைந்துபோயிற்று. நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும்தான் கரை சேர்ந்தார்கள். பவுல் புயலுக்காகவும் நன்றி சொல்லவில்லை, இன்னும் கிடைக்காத கரைக்காகவும் அங்கே நன்றி சொல்லவில்லை. கையில் இருந்தது அப்பம், அப்பத்துக்காகச் சொன்னார். லாசருவின் கல்லறையில் "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று இயேசு சொல்வதற்கு ஆறு வசனங்களுக்கு முன்னால்தான் அவர் கண்ணீர் விட்டார். கண்ணீரைத் துடைத்துவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். முதல் நான்கு நாட்கள் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. பார்க்க வந்த ஒருவர் "எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் ஐயா" என்றபோது கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். ஐந்தாம் நாள் அதிகாலை, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே வேறொரு நோயாளிக்குத் துணையாக இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தம் பிளாஸ்க்கிலிருந்து மூடியில் சுக்குக்காப்பி ஊற்றி நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. குடித்து முடித்ததும் "இந்தக் காப்பிக்காக நன்றி" என்று மனத்துக்குள் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் நான்கு நாட்களுக்குப் பிறகு தேவனோடு நான் பேசிய முதல் வார்த்தை அது. என் மனைவி வீடு திரும்பினார். இடக்கை இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அந்தக் கைக்காக நான் நன்றி சொல்வதில்லை, அது சரியாக வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றி கெட்டுப்போவதும் உண்டு என்பதை வேதமே காட்டுகிறது. லூக்கா 18இல் பரிசேயன் ஏறெடுத்தது முழுக்க முழுக்க நன்றி ஜெபம். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக்கியதுதான் அதைக் கெடுத்தது. நம் சாட்சிக் கூட்டங்களில் இது அடிக்கடி நடக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தபோது வேளாங்கண்ணிக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள் மாண்டார்கள். அன்று தப்பியவர்கள் நன்றி சொன்னார்கள்; சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் காதில் விழும்படி "நாங்கள் ஜெபித்தோம், எங்களைக் காப்பாற்றினார்" என்று சொல்லும்போது, சொல்லாமல் விட்ட மறுபாதி அவரைக் குத்தும். அவர் ஜெபிக்கவில்லையா? தப்பியவரின் நன்றியைத் தனி அறையில் சொல்லலாம். இழந்தவரின் முன்னால் அழுவதே பொருத்தம்.

பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்துகொண்டு, காரியம் நடந்ததும் காணிக்கையைச் செலுத்திக் கணக்கை முடித்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பொருத்தனையை வேதம் தடைசெய்யவில்லை. கடன் தீர்ந்தது என்ற நினைப்புதான் நன்றிக்கு முடிவுகட்டிவிடுகிறது. "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" என்று 116ஆம் சங்கீதக்காரர் கேட்கிறார். அடுத்த வரியில் அவர் தரும் விடை விசித்திரமானது: இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்வேன் என்கிறார். கொடுப்பதற்கு வழி கேட்டவர், மறுபடியும் பெற்றுக்கொள்ளக் கை நீட்டுகிறார். பொருத்தனையைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசுகிறார்.

லேவியராகமம் 7இல் ஸ்தோத்திர பலிக்கு ஒரு விதி இருக்கிறது: அந்தப் பலியின் இறைச்சியைச் செலுத்திய அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி இருக்கக்கூடாது. ஒரு முழு ஆட்டையும் கூடை நிறைய அப்பத்தையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்றுவிட முடியாது. அக்கம்பக்கத்தாரை அழைத்தே ஆக வேண்டும். அழைத்தால் ஏன் என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டிவரும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையின்போது அசனம் என்ற பொது விருந்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணக்காரர் கொடுத்த அரிசியும் ஏழை கொடுத்த அரைப்படி பருப்பும் ஒரே அண்டாவில் வெந்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நன்றி ஜெபத்தின் பின்பாதி அப்படிப்பட்டதுதான். உங்கள் வீட்டுக்கு இப்போது அசனம் கட்டுப்படியாகாது. ஒரு கிண்ணம் குழம்பு கட்டுப்படியாகும்.

கடைசியாக உங்கள் கணவர். அவரை வற்புறுத்தாதீர்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடு. 88ஆம் சங்கீதமோ ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல் இருளில் முடிகிறது, அதையும் இஸ்ரவேல் மக்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து மாதமாக வேலை தேடிக் களைத்த ஒருவர் மாலையில் தேவனுக்கு முன்பாக வந்து உட்காருவதே பெரிய காரியம். ஒரு வாரத்துக்கு 13ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள், ஆறே வசனங்கள்தாம். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்ட பிறகுதான் அது "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. முடிந்தால் முதல் நான்கு வசனங்களை அவரே வாசிக்கட்டும், கடைசி இரண்டையும் நீங்கள் வாசியுங்கள். நன்றி சொல்லும் முறை அவரிடம் வரும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். அரை நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுங்கள். மறுநாளும் அந்த அரை நிமிடத்தை அவருக்கென்று விட்டுவையுங்கள்.